ரீடேக் இல்லாத டைரக்டரும் எம் பையனும்

அய்யோ, இல்லீங்க்கா. நான் அத்தை இல்லீங்க. பெத்த அம்மாவேதான். நீங்க சங்கடப்படாதீங்க, எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்க. போன வாரம் ரேஷன் கடையில ஒருத்தர், "அண்ணன் பையனுங்களா? சாடை உங்களையே உரிச்சு வெச்சிருக்குதே"ன்னாரு. நான் பெத்தது என்னைய உரிக்காம பக்கத்து வீட்டுக்காரரையா உரிக்கும்? ஆனா அவன் இத்தனை சனத்துக்கு முன்னால வாய் நிறைய "அத்தே தண்ணி, அத்தே முறுக்கு"ன்னு கூப்பிட்டா, பாக்கறவங்க வேற என்ன நினைப்பாங்க, சொல்லுங்க.

டேய் தர்ஷித், ஜன்னலுக்கு வெளிய கையை நீட்டாத சாமி. கம்பி இல்லாத ஜன்னல்.

கொஞ்சம் நகந்துக்கறீங்களா? ஆங், போதும் போதும். இந்தப் பையைக் காலடியில வெச்சுக்கறேன். நீங்க கோபிக்கா? அதுக்கும் அக்கட்டாலயா? நான் கோபிக்கு முன்னாடியே, வாய்க்கால் பாலத்து ஸ்டாப்புல எறங்கிக்குவேன். அதுக்கு இன்னும் நேரம் இருக்குது.

இவன் ஏன் என்னைய அத்தைன்னு கூப்பிடறான்னா, அது ஒரு சினிமாக் கதைங்க்கா. நெசமாவே சினிமா. "இடுப்புப் பிள்ளை"ன்னு ஒரு படம் வந்துச்சே, பாத்தீங்களா? பாக்கலீங்களா? பேராவது கேட்டிருப்பீங்க. விருதெல்லாம் வாங்குச்சு. நீரஜாங்கற பொண்ணு, மலையாளத்துப் பொண்ணு, நடிச்சது. போஸ்டர்ல அந்தப் பொண்ணு இடுப்புல ஒரு குழந்தை, கன்னத்துல இத்தாப்பெரிய மைப்பொட்டோட உக்காந்திருக்கும். அது வேற யாருமில்லை, இந்தா உங்க முந்தானையில முறுக்குக் கையைத் தொடைச்சிட்டிருக்கிறானே, இவன்தான். டேய், விடு! மன்னிச்சுக்கோங்க்கா. எண்ணெய்க் கறை வெந்நீருக்குப் போயிரும்.

மொதல்ல டைரக்டரைப் பத்திச் சொல்லிடறேன். அப்பத்தான் மத்தது புரியும்.

குமணன்னு பேரு. தாடி வெச்சிருப்பாரு, கால்ல ரப்பர் செருப்பு. பாத்தா டைரக்டர்னு சொல்ல மாட்டீங்க, பால் சொசைட்டியில கேன் எடுத்துட்டுப் போக வந்தவராட்டம் இருப்பாரு. ஆனா படம் எடுக்கறதுல அவரு தனி ரகம். மத்தவங்க கடைசி சீனை மொதல்ல எடுப்பாங்களாம், மொத சீனை நடுவுல எடுப்பாங்களாம். நாம அடுப்பு காலியானப்ப ரசத்தை வெச்சுக்கற மாதிரி. இவரு அப்படியில்லை. மொத சீனை மொதல்லயே எடுப்பாரு, ரெண்டாவதை ரெண்டாவதா எடுப்பாரு. கடைசி சீனு கடைசி நாள். ரீடேக் கிடையாது. ஒரு தடவை எடுத்தா எடுத்ததுதான். அப்புறமேல் சென்னையில போய் ரூமுக்குள்ள உக்காந்து குரல் குடுக்கற சோலியும் கிடையாது. ஷூட்டிங்குல பேசறதுதான் படத்துல வரும்.

தப்பா ஏதாச்சும் நடந்துட்டா என்ன பண்ணுவாருன்னு கேக்கறீங்களா? அதானே நானும் கேட்டேன். தாடியைச் சொறிஞ்சுக்கிட்டே, "நடந்தது நடந்துருச்சு. இனி கதை நகந்துக்கட்டும்"னு சொல்லுவாரு. அவ்வளவுதான். கதை நகந்துக்கும்.

அவரோட மொதப் படம் ஓட்டப் பந்தயக்காரன் கதைன்னுதான் ஆரம்பிச்சாங்களாம். ஹீரோ ஆரம்பத்துலயே வரப்புல வழுக்கி விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டாரு. வேறொருத்தரா இருந்தா மூட்டை கட்டிட்டு ஊருக்குப் போயிருப்பாங்க. இவரு, "கதையில அவன் காலு ஒடிஞ்சுருச்சு"ன்னுட்டாரு. ஓட முடியாதவன் ஊரு பசங்களை ஓட வெக்கற கதையாயிருச்சு. ஓடு ஓடுன்னு ஓடுச்சாம் அந்தப் படம். ரெண்டாவது படம், மழைக்குக் காத்துக் கெடக்கற ஊரைப் பத்தி. ஆரம்பிச்ச அன்னைக்கே புடிச்ச மழை நிக்கவேயில்லை. சரின்னு மழை நிக்காத ஊருக் கதையாக்கிட்டாரு. அது ஐப்பசியில வந்துச்சா, சனம் வீட்டுக்குள்ளயே மழையைப் பாத்துக்கிட்டு தியேட்டருக்குப் போகலை. மூணாவது காதல் படம். ஹீரோவும் ஹீரோயினும் நெசமாவே சண்டை போட்டுக்கிட்டு ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் முழிக்க மாட்டேன்னுட்டாங்க. ஜோடி ஒரு தடவை கூட சேந்து நிக்காத காதல் படம் எடுத்தாருங்க்கா அந்த மனுசன்! யாரு பாப்பாங்க? இதையெல்லாம் மேக்கப் போடற அக்கா எனக்குப் பேன் பாத்துக்கிட்டே சொன்னாங்க. எனக்குப் பேன் இல்லீங்க, சும்மா பழக்கத்துக்குப் பாத்தாங்க.

ஆக, நாலாவது படம்தான் அவருக்குக் கடைசி சான்சு. அந்தப் படத்துக்குத்தான் எங்க ஊருக்கு வந்து சேந்தாரு.

எங்க வீட்டுக்காரர் ஜேசிபி ஓட்டறாருங்க. ஷூட்டிங்குக்குக் குளத்து மேட்டுல ஒரு மண் ரோடு போடணும்னு கூப்பிட்டிருக்கறாங்க. இவரு மண்ணை அள்ளிக் கொட்டிட்டிருக்கறப்ப டைரக்டர் கிட்ட வந்து, "ஏங்க, உங்க ஊர்ல இடுப்புல உக்கார்ற வயசுல குழந்தை இருக்குதா?"ன்னு கேட்டாராம். இவரு வண்டியை அமத்தக் கூட இல்லை. "எங்கூட்டுலயே இருக்குதுங்க"ன்னு கத்தியிருக்கறாரு. பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேக்கணுமே, ம்ஹூம். தர்ஷித்துக்கு அப்ப பல்லு கூட மொளைக்கலை.

எங்க அத்தைக்கு, அதாவது எம் மாமியாருக்கு, ஒரே கோவம். "புள்ளைக்குக் கண்ணு பட்டுரும். நாடு பூராப் பாக்கறதுக்கா பெத்தோம்?"னாங்க. நான்தான், "இருங்கத்தை, நாலு நாளு போய்ப் பாக்கலாம். புள்ளைக்கு ஒத்துக்கலீன்னா தூக்கிட்டு வந்தர்றேன்"னு சொல்லிட்டு, கன்னத்துல பெருசா ஒரு மைப்பொட்டை வெச்சுத் தூக்கிட்டுப் போனேன். மேக்கப் அக்கா அதைத் தொடைக்க வந்தாங்க. டைரக்டர் வேண்டாம்னுட்டாரு. அதுதான் போஸ்டர் வரைக்கும் வந்துச்சு. அது ஏதோ "சமூகம் வெச்ச கறை"ன்னு ஒரு பத்திரிகையில எழுதியிருந்தாங்க. எம் மாமியார் தேங்காய்ச் சிரட்டையில கரிச்சு எடுத்த மைங்க்கா அது.

இன்னொண்ணு கேளுங்க. படத்துல எல்லாரும் கிசுகிசுன்னுதான் பேசுவாங்க. வில்லன் கூட மெதுவாத்தான் மிரட்டுவான். அதையும் பெருசாப் புகழ்ந்தாங்க, "முணுமுணுப்பின் அழகியல்"னு தலைப்புப் போட்டு. என்ன அழகியல்? இவன் தூங்கிட்டிருப்பான். எழுப்பிவிட்டா அன்னைக்குப் பொழப்பு போச்சு. எழுப்பினவனை நான் சும்மா விடமாட்டேன்னு யூனிட் பூராத் தெரியும். கேமராமேன் தும்மல் வந்தா கரும்புக் காட்டுக்குள்ள ஓடிப்போய்த் தும்மிட்டு வருவாரு.

இப்ப டிக்கெட்டுங்களா? வாங்கிட்டேண்ணா. பையனுக்கா? அவனுக்கு இன்னும் மூணே முடியலீங்க. பாக்கத்தான் பெருசு.

எங்க விட்டேன்? ஆங், கதை. படத்தோட கதை இதுதாங்க்கா. புருசன் இல்லாத ஒரு பொண்ணு கைக்குழந்தையோட ஊர் ஊராப் போய்ப் பொழைக்குது. குழந்தையை யாருகிட்டயாவது குடுத்துட்டு எங்கயாவது போயிரலாம்னு நினைக்குது. குடுக்கப் போற அன்னைக்கு, குழந்தை மொதத் தடவையா வாயைத் தொறந்து "அம்மா"ன்னு கூப்பிடுது. அதோட மனசு மாறிருது. இதுதான் டைரக்டர் வெச்சிருந்த கதை. "அந்த ஒரு வார்த்தைதான் இந்தப் படம்"னு சொல்லிட்டே இருப்பாரு. நெசமாவே இவன் மொதத் தடவை சொல்றதைத்தான் எடுக்கணுமாம். அதுக்காக ஆடியில ஆரம்பிச்ச ஷூட்டிங்கு பொங்கல் தாண்டியும் இழுத்துக்கிட்டே போகுது. காசு போட்டவரு போன் மேல போன் போடறாரு. இவரு, "குழந்தை இன்னும் பேசலைங்க"ன்னு பதில் சொல்றாரு.

சரி, பேச வெக்கணும்ல? யூனிட்டே சேந்து பாடம் நடத்த ஆரம்பிச்சிருச்சு. நீரஜா பொண்ணு கார்ல வந்து எறங்கினா லைட்டுக்காரரு, "அம்மா வந்தாச்சு, அம்மா பாரு"ம்பாரு. சாயங்காலம் கார்ல ஏறினா அசிஸ்டெண்ட் பசங்க எல்லாம், "அம்மாவுக்கு டாட்டா காட்டு, அம்மாவுக்கு டாட்டா"ன்னு இவன் கையைப் புடிச்சு ஆட்டுவாங்க. நான் பக்கத்துலயே பால் பாட்டிலும் இடுப்புத் துணியுமா நின்னுக்கிட்டிருப்பேன். என்னைய என்னன்னு சொல்லுவாங்க தெரியுங்களா? "பேபியோட ஆளு." "பேபியோட ஆளு எங்க, பேபி ஆய் போயிருச்சு"ன்னு கூப்பிடுவாங்க.

எனக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க்கா. சினிமான்னா அப்படித்தான். நீரஜாவும் நல்ல பொண்ணு. பவுசு இல்லாத பொண்ணு. தரையில சம்மணம் போட்டு உக்காந்து இவனுக்குப் பருப்புச் சோறு ஊட்டும். இவனும் என்கிட்ட துப்பறதை அதுகிட்ட முழுங்குவான். ஒரு நாளு ஷூட்டிங் முடிஞ்சு நான் கையை நீட்டறேன், வரமாட்டேங்கறான். அந்தப் பொண்ணு கழுத்தைக் கட்டிக்கிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கலை, அது வெயிலுக்கு. தை மாசந்தான், ஆனா அன்னைக்குன்னு பாத்து நல்ல வெயிலு.

நான் அவனுக்கு எதையும் சொல்லிக்குடுக்கலை. அதை மட்டும் மொதல்லயே சொல்லிடறேன். சில பேரு அப்படிப் பேசிக்கறாங்க. தூளியாட்டறப்ப அம்மாக்காரி எதையாச்சும் பாடத்தான் செய்வா. நானும் பாடுவேன், வீட்டுலயும் சரி, ஷூட்டிங்குல மரத்துல தூளி கட்டறப்பவும் சரி. "அத்தை வந்தா, அத்தை போனா, காருல வந்தா, காருல போனா, அத்தை எங்கே, அத்தை எங்கே"ன்னு சும்மா ஒரு பாட்டு. தூளிக்குள்ள தலையை விட்டு, "எங்கே சொல்லு, அத்தே... அத்தே..."ன்னு கொஞ்சுவேன். கொஞ்சறது ஒரு குத்தமா? நம்ம வீட்டுக்கு வந்து போற பொம்பளைங்களை அத்தைன்னு கூப்பிடறது மருவாதைதானே? அந்தப் பொண்ணை வெறும் பேரு சொல்லியா கூப்பிடச் சொல்ல முடியும்? அம்மான்னு சொல்லிக்குடுக்கறதுக்குத்தான் ஒரு யூனிட்டே இருக்குதே, நான் வேற எதுக்கு?

அப்புறம் அந்த நாளும் வந்துச்சு.

குளத்து மேட்டுல ஒரு ஓலைச் சாளை, அதாங்க குடிசை, போட்டிருந்தாங்க. நீரஜா செங்கல் சூளையில வேலை முடிஞ்சு மண்ணும் புழுதியுமா வருது. சாளை வாசல்ல இவன் நிக்கறான். அப்பத்தான் நிக்கப் பழகியிருந்தான், டகடகன்னு ஆடிக்கிட்டு நிப்பான். டைரக்டர் கையை மட்டும் காட்டினாரு, ஆக்‌ஷன்னு கத்த மாட்டாரு, அதான் சொன்னேனே. நீரஜா வந்து முட்டி போட்டு உக்காந்து ரெண்டு கையையும் நீட்டுது. இவன் ஒரு எட்டு வெச்சான். இன்னொரு எட்டு. மேக்கப் அக்கா என் தோளைப் புடிச்சு நகத்தாலயே அமுக்கறாங்க. இவன் வாயைத் தொறந்தான்.

"அத்தே"ன்னான்.

நல்லா கணீர்னு சொன்னான். இத்தனை நாளு நாங்க எல்லாம் கிசுகிசுன்னு பேசினதுக்கும் சேத்து வெச்சு ஒரே கத்தா, "அத்தே!"

நான் மேக்கப் அக்கா கையை இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன். சந்தோசத்துல இல்லீங்க, பயத்துல. கேமரா ஓடிக்கிட்டே இருக்குது. டைரக்டர் கட் சொல்லலை. சொல்லவும் மாட்டாரு, ரீடேக்தான் இல்லையே. நீரஜாவுக்கு மூளை இருக்குதுங்க்கா, ஒத்துக்கறேன். கண்ணு ரெண்டும் தளும்புது. இவனை வாரி எடுத்து நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, "ஆமாண்டா கண்ணா, அத்தைதான். நான் வெறும் அத்தைதான்"னு சொல்லிட்டு அழுதுச்சு பாருங்க... லைட்டுக்காரரு மூக்கைச் சிந்திக்கிட்டாரு.

அப்புறமா கட் சொல்லிட்டு டைரக்டர் குளத்துக் கரையில போய் உக்காந்துட்டாரு. ஒரு பய கிட்ட போகலை. போச்சு, படமே போச்சுன்னு கூடிக் கூடிக் கிசுகிசுக்கறாங்க. இப்பத்தான் குழந்தை தூங்கலையே, சத்தமாப் பேசுங்களேன்னா, பழகிப் போச்சு. நான் தர்ஷித்துக்கு வாயைத் தொடைச்சுவிட்டு, பையை எடுத்துக்கிட்டு நைசாக் கிளம்பலாம்னு இருந்தேன். அவருக்கு என்ன தோணுச்சோ, எழுந்து நேரா என்கிட்ட வந்தாரு.

"கோகிலா, இவனுக்கு இதை யாரும்மா சொல்லிக்குடுத்தது?"ன்னாரு.

"குழந்தைங்க வாய்ல எது வரும்னு யாருக்குங்க தெரியும்? நான் எங்க மாமியாரை அத்தைன்னு கூப்பிடறதைக் கேட்டுப் பழகியிருப்பான்"னேன். நெசந்தானே? நான் கூப்பிடறது நெசந்தானே?

என் மூஞ்சியவே பாத்தாரு. தூளித் துணி தோள்ல கெடந்துச்சு, அதையும் பாத்தாரு. அப்புறம் தாடியைச் சொறிஞ்சாரு. அந்த மனுசன் சிரிச்சு அன்னைக்குத்தான் பாத்தேன். "நடந்தது நடந்துருச்சும்மா. இனி கதை நகந்துக்கட்டும்"னாரு.

எப்படி நகத்தினாருன்னு நினைக்கறீங்க? அந்தப் பொண்ணு குழந்தைக்கு அம்மாவே இல்லையாம். அத்தையாம். அண்ணன் பொண்டாட்டி எங்கயோ போயிட்டா, அண்ணன் செத்துட்டான், புள்ளையை விட்டுர மனசில்லாம நான்தான் பெத்தேன்னு ஊர் ஊராப் பொய் சொல்லிக்கிட்டு இடுப்புல தூக்கிக்கிட்டுத் திரியற அத்தை. அதுவரைக்கும் எடுத்த எல்லாச் சீனும் அதுக்கு அச்சாப் பொருந்துச்சு! புருசனைப் பத்தி யாராச்சும் கேட்டா அந்தப் பொண்ணு பேச்சை மாத்துமே, அது எதுக்குன்னு இப்பத்தான் புரியுதாம். தியேட்டர்ல இவன் "அத்தே"ன்னதும் சனம் மொத்தமும் "ஹா"ன்னு ஒரு சத்தம் போடும் பாருங்க. மூணு தடவை போய் அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டு வந்தேன்.

கடைசி சீனுல பெத்தவ திரும்பி வந்துருவா. அத்தைக்காரி பஸ்ஸுல உக்காந்துக்கிட்டு, ஜன்னல் வழியா புள்ளையைக் கீழ நிக்கற அம்மாகிட்டக் குடுத்துட்டுப் போயிருவா. வாங்கற கை மட்டும்தான் படத்துல தெரியும். கைக்கு ஆள் வேணும்னாங்க. "குழந்தைக்குப் பழகின கையா இருந்தா நல்லது"ன்னு டைரக்டர் என்னையவே நிக்க வெச்சாரு. பாத்தீங்களா இந்தக் கையை? இந்தச் சூட்டுத் தழும்போட அப்படியே பெருசாத் தெரியும். பஸ் போறப்ப இவன் அழுவான்னு எல்லாரும் நினைச்சிட்டிருந்தா, இவன் ஜம்முன்னு என் இடுப்புல உக்காந்துக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டே டாட்டா காட்டறான். தினமும் சாயங்காலம் காட்டின டாட்டாதானே! புள்ளை சிரிக்குது, தியேட்டர் அழுவுது. நான் மட்டும் சிரிச்சேன். பக்கத்து சீட்டு அம்மா என்னைய மொறைச்சாங்க.

அன்னைக்கு ஷூட்டிங் முடிஞ்சு கிளம்பறப்ப நீரஜா என் கையைப் புடிச்சுக்கிட்டு, "பயப்படாதீங்க சேச்சி, அவன் உங்களோடதுதான்"னு காதுல சொல்லிட்டுப் போச்சு. எனக்கு எதுக்கு பயம்? அந்தப் பொண்ணு எதையோ தப்பா நினைச்சுக்கிச்சு. பாசை புரியாத பொண்ணு, பாவம்.

எனக்கு வருத்தம்னா ஒண்ணே ஒண்ணுதாங்க்கா. விருது குடுத்தப்ப டிவியில கேட்டாங்க, "இந்தத் திருப்பம் உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"ன்னு. இந்த மனுசன் தாடியைச் சொறிஞ்சுக்கிட்டு, "ரொம்ப வருசமா என் ஆழ்மனசுல இருந்தது"ங்கறாரு. ஆழ்மனசாம்! எந்த ஆழ்மனசு? எங்க வீட்டுத் தூளியில இருந்து வந்ததுங்க்கா அது! அதாவது... எம் பையன் வாயில இருந்து. தூளியில படுத்திருந்த பையன் வாயில இருந்து.

சரி, அதை விடுங்க. படம் முடிஞ்சு எல்லாரும் போயிட்டாங்க. இவன் பாத்ததை எல்லாம் அத்தைங்கறான். கோழி அத்தை, பால்காரரு அத்தை, ஜேசிபி அத்தை. நாங்களும் சிரிச்சுக்கிட்டே இருந்தோம். அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் பேரு கத்துக்கிட்டான். கோழி கோழியாயிருச்சு. அப்பா அப்பாவாயிட்டாரு. எம் மாமியாரு அப்பத்தா ஆயிட்டாங்க. நான் மட்டும் அப்படியே நின்னுட்டேன். நீ அம்மா சொல்லுடா, நான்தாண்டா அம்மான்னு நெஞ்சைத் தொட்டுக் காட்டினா, "அத்தே"ன்னு என் நெஞ்சைத் தொட்டுக் காட்டறான். "அம்மா எங்கடா?"ன்னு கேட்டா ரோட்டைப் பாத்து டாட்டா காட்டறான். கார்ல ஏறிப் போறவங்கதான் அம்மான்னு நினைச்சுக்கிட்டானாட்டம் இருக்குது.

எங்க வீட்டுக்காரர் என்ன சொல்றாரு தெரியுங்களா? "நீ தூளிக்குள்ள தலையை விட்டு அத்தே அத்தேன்னு காட்டுனது எந்த மூஞ்சி? உன் மூஞ்சியைத்தானே? அதைத்தான் அவன் புடிச்சுக்கிட்டான்"ங்கறாரு. மண்ணு அள்ளறவருக்குக் குழந்தை மனசு என்ன தெரியும்? நான் காதுலயே போட்டுக்கலை.

இப்ப எதுக்குப் போறேன்னா, டைரக்டர் மறுபடியும் படம் எடுக்கறாரு. வாய்க்கால் பாலத்துக்கிட்ட ஷூட்டிங். நாளைக்கு ஆரம்பம், இன்னைக்கே வரச் சொல்லிட்டாரு. பையனுக்கு மட்டும் இல்லீங்க, எனக்கும் வேசம். அம்மா வேசம்! "கோகிலா, இந்தத் தடவை கை மட்டும் இல்லை, முழுசா நீங்களே வாங்க. அவன் உங்களைப் பாத்து அம்மான்னு கூப்பிடணும். அதுதான் படம்"னாரு. நடிகைக்கா பஞ்சம்? என்னையப் போய் எதுக்குக் கூப்பிடறாருன்னு எனக்கு வெளங்கவேயில்லை.

ஆனா, உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, ஒத்துக்கிட்டது நடிக்கற ஆசையில இல்லீங்க்கா. கேமராவுக்கு முன்னாடியாவது கூப்பிடுவான்ல? நான் இன்னும் அந்த வார்த்தையைக் கேக்கலீங்க. அங்கன்வாடி வாசல்ல சாயங்காலம் போய் நின்னா, அத்தனை குழந்தையும் அம்மா அம்மான்னு ஓடி வருது. இவனும் ஓடி வர்றான். எல்லாருக்கும் மொதல்ல ஓடி வர்றான். வந்து காலைக் கட்டிக்கிட்டு அண்ணாந்து பாத்து, "அத்தே"ங்கறான். மத்த அம்மாக்காரிங்க பாவமாப் பாக்கறாங்க, தாயில்லாப் புள்ளைன்னு.

பத்து நாளாப் பழக்கறேன். தேன்மிட்டாய் குடுத்துப் பாத்தாச்சு. மிட்டாயைத் தின்னுட்டு, "அத்தே, இன்னொண்ணு"ங்கறான். நாளைக்கும் அத்தைன்னு சொல்லிட்டான்னு வெச்சுக்கோங்க, அந்த மனுசன் ரீடேக்கா எடுக்கப் போறாரு? தாடியைச் சொறிவாரு. கதை நகந்துரும். நாடு பூராவும் என்னைய அத்தைன்னே முடிவு பண்ணிரும். அப்புறம் நான் பெத்த புள்ளைன்னு யாருகிட்ட போய்ச் சொல்றது, ஒவ்வொரு பஸ்ஸா ஏறியா?

அட, வாய்க்கால் பாலம் வந்துருச்சே! அண்ணா, ஆள் எறங்கணும்! என்ன கூட்டம் இது, நடுவுல கால் வெக்க எடமில்லை. அக்கா, ஒரு ஒத்தாசை பண்றீங்களா? இவனை மடியில வெச்சுக்கோங்க. நான் பையோட மொதல்ல எறங்கி அந்தப் பக்கம் வர்றேன், ஜன்னல் வழியாக் குடுத்துருங்க. டேய், இந்த அக்கா மடியில சமத்தா உக்காரு. அழுகாத, இதா வந்தர்றேன். கொஞ்சம் வழி விடுங்கண்ணா... வழி, வழி... பையை விடுங்க, மாட்டிக்கிச்சு... 

ஆங், எறங்கிட்டேங்க்கா! குடுங்க, இப்பக் குடுங்க, அக்குள்ள கையைக் குடுத்துத் தூக்கி... 

ஏனுங்க! விசில் அடிக்காதீங்க! புள்ளை உள்ள இருக்குது! அண்ணா, நிறுத்துங்க, நிறுத்துங்க! அக்கா, இறுக்கிப் புடிச்சுக்கோங்க! தர்ஷித், அழுகாத சாமி, நான் ஓடியாறேன், இதா ஓடியாறேன், நிறுத்துங்கண்ணாவ்! 

அப்பாடா. நிறுத்திட்டாரு. குடுங்க... வா சாமி, வா, வா. இதா புடிச்சுக்கிட்டேன். ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை.

அக்கா... 

அக்கா, இப்ப இவன் என்ன கத்தினான்? பஸ்ஸு நகந்தப்ப, ஜன்னல்ல கையை நீட்டிக்கிட்டு என்னையப் பாத்து என்னன்னு கத்தினான்? நீங்க கேட்டீங்கல்ல? "அம்மா"ன்னுதானே? எனக்கு மட்டும் கேக்கலையே, உங்களுக்கும் கேட்டுச்சுதானே? பின் சீட்டுக்காரரே, உங்களுக்கும் கேட்டுச்சுங்களா? பாத்தீங்களா, அவரே தலையாட்டறாரு!

தங்கம், இன்னொரு தடவை சொல்லு. அந்த அக்கா கேக்கட்டும். அழுகையை நிறுத்திட்டு ஒரே ஒரு தடவை. அம்... மா...

"அத்தே, பிஸ்கட்டு."

இருங்கண்ணா, ரெண்டே நிமிசம், விசில் அடிக்காதீங்க, அக்காகிட்ட ஒண்ணு சொல்லிக்கறேன். அக்கா, டைரக்டர் கிட்ட இதைச் சொல்ல மாட்டேன். கேமரா இல்லாதப்ப சொல்லிட்டான்னா அந்த மனுசன் தலையில அடிச்சுக்குவாரு. நாளைக்கு இவன் அத்தைன்னே சொல்லட்டும், கதை எங்க வேணும்னாலும் நகந்துக்கட்டும். அதைப் படத்துக்குக் குடுத்தர்றேன். இது எனக்கு.

போங்கண்ணா, ரைட், ரைட்! தர்ஷித்து, அக்காவுக்கு டாட்டா காட்டு. அப்படித்தான். இந்தா, பிஸ்கட்டு. மெதுவாத் தின்னு, நடந்து போலாம்.